கடல் இல்லாத ஊரில் ஒரு காவல் கப்பல்

கடல் இல்லாத ஊரில் இருந்துகொண்டு ஆயுள் முழுக்கக் கப்பல் ஓட்டியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்தார். ராஜபாளையத்திலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைக் கண்ணால் பார்க்க அரை நாள் ஆகும். மேற்கே பார்த்தால் மலை. கிழக்கே பார்த்தால் கண்மாய், அதிலும் பாதி வருஷம் ஆடு மேயும். அப்பேர்ப்பட்ட ஊரில், காலையில் வாசலில் நின்று மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்து பார்த்து, "இன்னைக்கி அலை கூடுதலாத்தான் இருக்கும்" என்று தெருவுக்கே அறிவித்துவிட்டு வேலைக்குப் போகிற மனிதர் அவர்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தெருவுக்கு அவர் கப்பல். மரியாதை தெரிந்தவர்களுக்குக் கப்பல் அண்ணாச்சி. தபால்காரர்கூட சைக்கிள் மணியை அடித்து, "கப்பல் அண்ணாச்சி!" என்றுதான் கூப்பிடுவார். கடற்படையில், நீராவியில் ஓடுகிற கப்பலின் கொதிகலன் அறையில் வேலை பார்த்தவர். ஊருக்கு வந்ததும் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி வெளுக்கிற ஆலையில் பாய்லர் ஆபரேட்டர் ஆனார். அங்கேயும் நெருப்பு, நீராவி, மீட்டர் முள். தரை மட்டும் ஆடவில்லை என்பது அவருக்கு ஒரு குறை.

அவர் இருந்த கப்பலைப் 'போர்க்கப்பல்' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கையிலிருக்கிற டீயைக் கீழே வைத்துவிடுவார்.

"போர்க்கப்பல்ங்கிறவன் பந்தாக்காரன்யா. பீரங்கியத் தூக்கிட்டுப் பேர் வாங்கப் போறவன். எங்காளு அப்பிடி இல்ல. காவல் கப்பல். சரக்குக் கப்பலுக மந்தை மந்தையாப் போகும். கோதுமை, எண்ணெய், மருந்து. அதுக கையில ஒரு கம்பு கெடயாது. தண்ணிக்கு அடியில நீர்மூழ்கிக்காரன் பதுங்கிக் கெடப்பான். அம்புட்டையும் கூட்டிட்டுப் போயி, ஒண்ணு கொறையாமக் கரை சேக்கணும். அதான் அவ வேலை."

அவ என்றால் கப்பல். அவர் மனைவி சொர்ணத்தக்கா ஒரு நாளும் அந்தக் கப்பலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. "எஞ் சக்களத்தி" என்பார். "இவிய என்னையக் கெட்டுறதுக்கு முந்தியே அவளக் கெட்டிட்டாவ. எம் பொறந்த நாளு தெரியாது, அவ தண்ணியில எறங்குன நாளு மட்டும் தெரியும்" என்று குழாயடியில் முறையிடுவார். அந்த நாளில் அண்ணாச்சி வீட்டில் பாயசம் வைக்கச் சொல்லுவாராம். அக்கா வைத்தும் கொடுப்பாராம்.

கப்பலின் வரலாற்றை அண்ணாச்சி டீக்கடையில் தவணை முறையில் சொல்லுவார். உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, வெள்ளைக்காரன் தேசத்தில் அவசர அவசரமாகக் கட்டப்பட்டவள். "கொறைமாசத்துல பெறந்தவ. பெயிண்ட் காயல, டூட்டிக்கு அனுப்பிட்டான்." பனிக்கடலில் மந்தையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தண்ணீருக்கு அடியில் 'டிங்' என்று ஒலியை அனுப்பி, அது எதிலாவது மோதித் திரும்புகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். சந்தேகம் வந்தால் பீப்பாய் பீப்பாயாகக் குண்டை உருட்டிவிட்டாள். ஒரு தடவை அவள் வயிற்றிலேயே ஓட்டை விழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே மந்தையோடு கரை வந்து சேர்ந்தாள். போர் முடிந்ததும் கவனிக்க ஆளில்லாமல் துறைமுகத்து மூலையில் துருப்பிடித்துக் கிடந்தாள். பிறகு நம் நாட்டுக்காரர்கள் வாங்கி, பெயரை மாற்றிக் கூட்டி வந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குக் கடல் பழக்கிக் கொடுத்தாள். அந்தப் பையன்களில் ஒருவர்தான் அண்ணாச்சி.

இதில் பனிக்கடல் கட்டம் வரும்போது அண்ணாச்சிக்கு உண்மையாகவே குளிரும். துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்வார். உலகப் போர் நடந்தபோது இவர் டவுசர் போட்டுக்கொண்டு செட்டியார்பட்டியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் கணக்குக் கேட்டதில்லை. மே மாத வெயிலில் ஒரு மனிதர் நம் கண் முன்னால் நடுங்கும்போது என்னவென்று கேட்பது?

ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால்தான் கதை நின்றுவிடும். "இப்ப அந்தக் கப்பல் எங்க அண்ணாச்சி?"

"பாய்லர்ல தண்ணி எறங்கிரும். வாரேன்" என்று சைக்கிளை எடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆலை லீவு என்றாலும் பாய்லரில் தண்ணீர் இறங்கும்.

ஒரு பொங்கலுக்குத் தெருவே வெள்ளையும் நீலமும் மஞ்சளுமாக மின்னியபோது, அண்ணாச்சி தன் வீட்டுக்குச் சாம்பல் நிறம் அடித்தார். மழைமேகம் இறங்கி வந்து தெருவில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. போதாதற்கு, சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பட்டை. சொர்ணத்தக்கா வாசலிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நல்ல நாளும் அதுவுமா வீட்ட எழவு வீடு மாதிரி ஆக்கிட்டாவளே! சரி, சாம்பல அடிச்சீய. கீழ எதுக்குக் கறுப்பு?"

"தண்ணி அதுவரைக்கும்தான் ஏறும்" என்றார் அண்ணாச்சி.

அந்த வருஷம் தெருக்குழாயில் குடத்துக்கே தண்ணீர் ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அவர் ஊரைப் படுத்தி எடுத்தது வேறொரு பழக்கத்தால். எங்கள் தெருவிலிருந்து யார் ஊரைவிட்டுக் கிளம்பினாலும், கட்டிக்கொடுத்த பெண்ணோ, சென்னைக்கு வேலைக்குப் போகிற பையனோ, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியோ, அண்ணாச்சி ஊர் எல்லைவரை துணைக்கு வருவார். துணைக்கு என்றால் பின்னால் இல்லை. அவர்கள் ஏறிய பஸ்ஸுக்கு முன்னால், சைக்கிளில், சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்குமாக வளைந்து வளைந்து போவார். காவல் கப்பல் அப்படித்தான் போகுமாம். நேராகப் போகிற கப்பலைக் குறி பார்ப்பது எளிதாம்.

ஒரு நாள் பஸ் டிரைவர் ஒருவர் பொறுமை இழந்து, வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியே வந்துவிட்டார்.

"யோவ், சாகுறதுக்கு எம் பஸ்ஸுதான் கெடச்சுதா? ஓரமாப் போயேன்யா!"

"ஓரமாப் போனா அடிச்சிருவான்."

"எவன்யா அடிப்பான்?"

"நீர்மூழ்கிக்காரன்."

டிரைவர் சாலையின் இருபக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் பருத்திக் காடு. இன்னொரு பக்கம் வெடித்துக் கிடந்த கண்மாய்.

"இதுல தவளையே கெடயாதுய்யா!"

"அதான் நான் வாரேன்ல" என்றார் அண்ணாச்சி, தவளைகளையும் சேர்த்துத் தானே விரட்டிவிட்டவர்போல. டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு போய் வண்டியை எடுத்தார். பிறகு பழகிவிட்டது. எல்லை வந்ததும் அண்ணாச்சி காலை ஊன்றி நின்று விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார். பதிலுக்கு டிரைவர் ஒரு ஹாரன் கொடுப்பார்.

என் கல்யாணத்துக்கு வருகிறேன். அப்போது நான் ஒரு நூல் மில்லில் ஆபீஸ் குமாஸ்தா. பெண் ஸ்ரீவில்லிபுத்தூர். பக்கத்து ஊர்தானே என்று விடியற்காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. ஒரு வேன், ஒரு கார், சில ஸ்கூட்டர்கள். என் சட்டையைத் தைத்த டெய்லர் சாகுலும் வந்தார். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பியவர். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி வைத்திருந்தார். வேனில் ஏறச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டார். அந்த வண்டி அவருக்குக் கால். காலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு யார் கல்யாணத்துக்குப் போவார்கள்?

"மாப்ளைக்கு நேரமாகும் அண்ணாச்சி. நீங்கள்லாம் முன்னால போங்க. நான் பொறத்தால மெதுவா வந்து சேர்றேன்" என்றார் சாகுல்.

அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது. "பொறத்தால வாரேன்னு சொன்ன கப்பல் ஒண்ணுகூட வந்து சேந்ததில்லடா. மந்தையில எது மெதுவாப் போகுதோ அதுதான் எல்லாத்துக்கும் வேகம்."

சொல்லிவிட்டுக் காருக்கு முன்னால் சைக்கிளைக் குறுக்கே போட்டுவிட்டார். அவரைத் தாண்டிப் போக டிரைவருக்கு மனமில்லை, எனக்குத் தைரியமில்லை. நான் மாலையும் கழுத்துமாகக் காரில் உட்கார்ந்து, சாகுலின் கை சுற்றுகிற வேகத்தில் கல்யாணத்துக்குப் போனேன். எருமைகள் எங்களைத் தாண்டிப் போயின. சூரியன் ஏற ஏற மாலை வாடியது. மண்டபத்தில் மாமனார் தெருவுக்கும் மேடைக்குமாக ஓடிக்கொண்டிருந்தாராம். மாப்பிள்ளை கம்பி நீட்டிவிட்டார் என்று ஒரு கோஷ்டி வதந்தியே கிளப்பிவிட்டது. முகூர்த்தம் முடிய மூச்சு விடுகிற நேரம் இருக்கும்போது தாலி கட்டினேன். எதிரே பந்தலில் சாகுல் தன் வண்டியில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்தபடி அட்சதை போட்டார். அவருக்குப் பின்னால் அண்ணாச்சி, ஒரு தலை குறையாமல் எல்லோரையும் எண்ணிக்கொண்டிருந்தார். என் மனைவிக்கு இன்றுவரை ஒரு குறை. கல்யாணப் போட்டோக்களில் நான் மணவறையில் இருக்கிற மாதிரி இல்லையாம், ஓட்டப் பந்தயத்தில் தோற்ற மாதிரி இருக்கிறேனாம்.

காலம் ஓடியது. அண்ணாச்சி ஆலையிலிருந்து ஓய்வு பெற்றார். மூட்டுவலி வந்து, சைக்கிளின் வளைவுகள் குறுகிப்போயின. நாக்பூரில் இருந்த மகள், இரண்டு பேரும் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். வீட்டைக் காலி செய்து, ஊரைவிட்டு ஒரேயடியாகப் போகிறார்கள்.

ஆனால் அண்ணாச்சி ஒரு திட்டம் போட்டார். எல்லோரும் வேலைக்குப் போயிருக்கிற ஒரு நாளில், யாருக்கும் சொல்லாமல் கிளம்பிவிட வேண்டும். ஊரையே எல்லைவரை கொண்டுபோய் விட்ட மனிதர், தன்னை யாரும் கொண்டுவந்து விடக்கூடாது என்று நினைத்தார். ஏன் என்று சொர்ணத்தக்காவுக்கும் தெரியவில்லை.

"கள்ளன் மாதிரி ஓடணுமாம். கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காவ. யாருகிட்டயும் சொல்லிராதீக" என்று குழாயடியில் நின்ற அத்தனை பேரிடமும் அக்கா ரகசியமாகச் சொன்னார்.

அன்றைக்குத் தெருவில் ஒருவர்கூட வேலைக்குப் போகவில்லை. ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுவேன் என்று அக்கா சொன்னதால், ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் சாயங்கால வண்டி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேனில் பெட்டிகளை ஏற்றிவிட்டு, அண்ணாச்சி சந்தடியில்லாமல் முன்சீட்டில் ஏறினார். நிமிர்ந்து பார்த்தால், தெரு முனையில் நாங்கள். சலூன்கடைக்காரர், டீக்கடைக்காரர், ஸ்கூட்டரில் நானும் என் மனைவியும், சைக்கிள்களில் மில் ஆட்கள், ஒரு ஆட்டோ நிறைய பெண்கள். கடைசியில் சாகுல், அச்சுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்த மூன்று சக்கர வண்டியில்.

"எல்லாவனுக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சா? போங்கடா வேலையப் பாத்து!" என்று கத்தினார் அண்ணாச்சி.

சலூன்கடைக்காரர் சைக்கிளை மிதித்து வேனுக்கு முன்னால் வந்து, இடமும் வலமுமாக வளைய ஆரம்பித்தார். பின்னாலேயே நாங்களும் வளைந்தோம். ஸ்கூட்டரில் வளைவது லேசில்லை. என் மனைவி முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். அண்ணாச்சி கொஞ்ச தூரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். அப்புறம் பொறுக்க முடியவில்லை. ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிவிட்டார்.

"ஏலே, எடது பக்கம் காலியாக் கெடக்கு! அவன் நொழையுறதுக்கா? அகலமா வளையுங்கடா! டெய்லர் எங்க? டெய்லரு பின்தங்குதான் பாரு! வேகத்தக் கொறைங்க!"

வேகத்தைக் குறைத்தோம். சாகுலுக்கும் இப்போது வயசாகியிருந்தது. ஏற்றம் வந்தபோது செத்த நேரம் நின்றோம். இறங்கித் தள்ளுகிறேன் என்று போனவர்களை அவர் கையை ஓங்கி விரட்டினார். கோயிலில் அக்கா நெய்விளக்கு ஏற்றி, கண்ணை மூடி நின்றதில் இன்னும் கொஞ்ச நேரம். பேரன்களுக்குப் பால்கோவா வாங்கியதில் கொஞ்ச நேரம். ஸ்டேஷன் சாலையில் திரும்பும்போது ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது. அது வருகிற ஊதல் என்று நினைத்தோம். உள்ளே போய்ப் பார்த்தால், கடைசிப் பெட்டியின் முதுகு தெரிந்தது.

பிளாட்பாரத்தில் மொத்தத் தெருவும் வாயைப் பிளந்து நின்றோம். வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ரயிலை விட்டுவிட்ட கதை எங்கேயாவது உண்டா? சாகுல் தலை நிமிரவில்லை. "என்னாலதான் அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தார்.

"வாய மூடு. எல்லாரும் வந்து சேந்தாச்சா?" என்று அண்ணாச்சி ஒவ்வொரு தலையாக எண்ணினார். "வந்தாச்சு. அப்ப சரி. வண்டி நாளைக்கும் வரும்."

பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் சுற்றி நின்றோம். அந்த நேரத்தில் எனக்கு எப்படித் தோன்றியதோ, பழைய கேள்வியைக் கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, அந்தக் கப்பல் இப்ப எங்க?"

தப்பித்துப் போக அன்றைக்கு அவருக்குப் பாய்லர் இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒடச்சாச்சுப்பா. வயசாயிருச்சின்னு கொடிய எறக்குனான். பீரங்கியக் கழத்துனான். எங்கள எல்லாம் எறக்கிட்டான். ஒடைக்கிற கரைக்கு இழுத்துட்டுப் போக, ஒரு சின்ன இழுவைப் படகு வந்துச்சு. கயித்தக் கெட்டி, மாட்ட இழுக்குற மாதிரி இழுத்துட்டுப் போனான். உள்ள ஒரு ஆளு கெடயாது. சார், ஒரு போட்டாவது கூட அனுப்புங்க சார்னு எங்க ஆபீசர்கிட்டக் கெஞ்சுனேன். செத்த கப்பலுக்கு எதுக்குடா காவல்னு சிரிச்சிட்டாரு." கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்தார். "எம்புட்டுக் கப்பலக் கூட்டிட்டுப் போயி விட்டவ. அவ போகும்போது பக்கத்துல ஒரு தோணி இல்ல. கரையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், மறையுற வரைக்கும்."

துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அதான் சொல்லாமப் போயிரலாம்னு பாத்தேன். சொல்லி, நீங்க வராமப் போயிட்டா நான் தாங்க மாட்டேன். அது தெரியாமயே போயிரலாம்னு..." துண்டு மறுபடியும் முகத்துக்குப் போனது.

சாகுல் வண்டியை உருட்டிக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தார். "நாங்கதான் வந்துட்டம்ல அண்ணாச்சி."

சொர்ணத்தக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அத்தனை வருஷம் சக்களத்தி என்றே சொல்லிவந்தவர், "பாவம், அந்தப் புள்ள" என்றார்.

அன்றைக்கு எல்லோரும் அதே வரிசையில் ஊர் திரும்பினோம். அடுப்பில்லாத அந்தச் சாம்பல் வீட்டுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் போனது. மறுநாளும் மொத்தத் தெருவும் கிளம்பியது. ஒரே ஒரு மாற்றம்: சாகுல் மட்டும் மற்றவர்கள் காலைப் பலகாரம் சாப்பிடும்போதே புறப்பட்டுவிட்டார். அவர் தனியாகப் போகக்கூடாது என்று அண்ணாச்சி வேனை எடுக்கச் சொன்னார். ஆக மத்தியானத்துக்கு முன்பே ஸ்டேஷனில் எல்லோரும் ஆஜர். சாயங்காலம் வரை பிளாட்பாரத்தில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வண்டி கிளம்பியபோது பிளாட்பாரத்து விளிம்புவரை வளைந்து வளைந்து ஓடினோம். ஸ்டேஷன் ஆட்கள் விசில் ஊதி விரட்டினார்கள். கதவருகில் நின்ற அண்ணாச்சிக்குச் சல்யூட் வைக்கக் கை எழவில்லை. இரண்டு கையாலும் கும்பிட்டார்.

வீட்டை வெளியாளுக்குக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லி, போகும்போது சாவியை என் மனைவி கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது நாங்கள் இருப்பது அந்த வீட்டில்தான். அண்ணாச்சி இல்லை, சொர்ணத்தக்காவும் இல்லை. டெய்லர் சாகுல் இருக்கிறார். பேட்டரி வண்டி வாங்கிவிட்டார். இப்போது அவர்தான் எங்களை முந்திப் போகிறார், நாங்கள் கத்தினால் நிற்கிறார்.

போன பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "என்ன சார், இம்புட்டு நல்ல வீட்டுக்கு இந்தக் கலரு? புதுசு புதுசா எம்புட்டோ வந்திருக்கு. மாத்திருவமா?"

நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"அதே சாம்பலையே அடிங்க. கீழ கறுப்புப் பட்டைய விட்டுராதீங்க. தண்ணி அதுவரைக்கும்தான் ஏறும்."